பொருள்: ‘டீவெட்டிங்’ – தமிழில் என்ன?

செ. எழுதியது:
அன்புடையீர், திண்ம உந்துபொருள் (ராக்கெட்டில் எரியும் திடப்பொருள்) பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘டீவெட்டிங்’ வரும் இடத்தில் வரைவில் ‘ஈரம் நீங்கல்’ என்று இருக்கிறது. படிப்பவர் உலர்த்துவது என்றே நினைப்பார். நடப்பது வேறு. எச்.டி.பி.பி. என்னும் பிணைப்பு ரப்பருக்குள், எரிய ஆக்சிஜன் தரும் அம்மோனியம் பெர்குளோரேட் உப்பின் பரல்கள் பதிந்திருக்கின்றன. இழுத்தால், இழுவைத் திசையில் பரலின் இரு முனையிலும் ரப்பர் கழன்று குழி விழும். பெரிய பரல்களில்தான் முதலில்.

ந.:
பற்றறுதல். ‘பற்றுக பற்று விடற்கு’ என்று குறள் 350 இருக்கப் புதுச்சொல் எதற்கு? பல்லால் கவ்வுவதே முதல் பற்று. பல் → பற்று என்பது என் ஊகம்.

மு.:
வேர் இருக்கட்டும். ராக்கெட் பாடத்தில் ‘பற்றவில்லை’ என்றால் தீப்பற்றவில்லை என்றுதான் பொருள்; அது வேறு கோளாறு. ‘பிடிவிடல்’ போதும். பூச்சு சுவரில் பிடிவிட்டது என்று கொத்தனார் சொல்வதுதான் இது.

ந.:
கொச்சை. பிடி என்றால் பெண் யானையும்கூட.

செ.:
யானையை விடுங்கள். ‘டேமேஜ்’ என்ன? ‘சிதைவு’ ஆகாது, பெர்குளோரேட்டின் வெப்பச் சிதைவு அடுத்த பக்கத்திலேயே வருகிறது. பொருந்த வேண்டிய வரி இது: ‘விரிசல் நுனிக்கு முன்னால் குழிகள் பெருகினால் நுனி மழுங்கும், விரிசல் சற்று நிற்கும். பிறகு நுனிக்கும் குழிக்கும் இடையில் நிற்கும் ரப்பர் இழை அறும், விரிசல் ஒரே தாவாகத் தாவும், மறுபடி மழுங்கும்.’

ந.:
ஊறு.

மு.:
குறள் 27-இல் ஊறு தொடுவுணர்ச்சி. போதாததற்கு, நெகிழ்வூட்டி எண்ணெய் ஒட்டுப்பரப்புக்கு ஊறி வருவதும் இதே பாடத்தில். ‘சேதம்’ என்றே போடுங்கள்.

ந.:
சேதம் வடசொல். அறுத்தல் என்று பொருள். அப்படியானால் விரிசலுக்கே அதை வைக்கலாமே.

க.:
இடையில் ஒன்று. ராக்கெட் எரியறையின் அழுத்தம் கூடினால் குழி திறக்காமல் அமுங்கும். வெறும் காற்றில் இழுத்த துண்டின் அளவை ராக்கெட் மோட்டாருக்கு அப்படியே ஏற்றாதீர்கள். ‘அழுத்தத்தால் பிடிவிடல்’ என்று தலைகீழாகவும் எழுதிவிடாதீர்கள். பரலையும் ரப்பரையும் இணைக்கச் சேர்க்கும் டெபனால் வகைப் பொருளுக்கும் சொல் வேண்டும்.

ந.:
பற்றாசு! ஆசிடை நேரிசை வெண்பாவில் தனிச்சொல்லை இணைக்க இடையில் அசையாக வருகிறதே, அதே ஆசு. பொன்னோடு பொன்னை இணைக்கத் தட்டார் வைப்பது.

மு.:
இதற்கு மறுப்பில்லை.

செ.:
பிடிவிடல், சேதம், பற்றாசு. இப்படியே அனுப்புகிறேன்.

ந.:
பற்றாசு வைத்தது பிடிவிடுமா, பற்றறுமா? அடிக்குறிப்பிலாவது போடுங்கள்.