செம்புத் தவலையில் விட்ட கப்பி மீன்கள்

குரோம்பேட்டைவாசி:

போன மாதம் எங்கள் வீட்டில் நடந்தது. மீன்தொட்டியின் மூலையில் கசிவு. சிலிக்கான் பூசி ஒரு நாள் காயவிட வேண்டும் என்றார் கடைக்காரர். அதுவரை ஒன்பது கப்பி மீன்கள், நாலு நத்தைகள், ஒரு கொத்து வேலம்பாசி, எல்லாவற்றையும் எங்கே விடுவது? மகள் பிளாஸ்டிக் வாளியைத் தூக்கி வந்தாள். அதில் சோப்பு வாடை. நான்தான் பெரிய புத்திசாலி மாதிரி, பாட்டியின் செம்புத் தவலையைப் பரணிலிருந்து இறக்கினேன். புளி போட்டு முகம் தெரியும்வரை தேய்த்தேன். ஆர்.ஓ. தண்ணீரை நிரப்பினேன். சுத்தமான பாத்திரம், சுத்தமான தண்ணீர், மீனுக்கு வேறென்ன வேண்டும் என்று நினைப்பு.

ராத்திரி பத்து மணிக்கு எட்டிப் பார்த்தால் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. காற்று போதவில்லை என்று காற்றுக்குழாயைப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் ஏழு மிதந்தன. மதியத்துக்குள் மீதி இரண்டும் போய்விட்டன. நத்தைகள் ஓட்டுக்குள் சுருண்டு அடியில் கிடந்தன. பாசியை மட்டும் எடுக்க மனமில்லாமல் தவலையிலேயே விட்டிருந்தேன். ஐந்தாம் நாள் அதுவும் வெளிறி, இலையெல்லாம் உதிர்ந்து வெறும் தண்டாக நின்றது. மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

எனக்குப் புரியாதது இதுதான். இதே தவலை ஊரில் விருத்தாசலம் பக்கம் கிணற்றடியில் இருந்தபோது, கொசுப்புழு தின்னட்டும் என்று பாட்டி அதில் கெண்டைக் குஞ்சுகளை விட்டு வைத்திருப்பார். மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நானே பொரி போட்டிருக்கிறேன். அதே தவலை, அதே செம்பு. அங்கே பிழைத்தது இங்கே ஏன் ஒரே ராத்திரியில் செத்தது?

தொட்டிப் பைத்தியம்:

முதலில் குளோரினாக இருக்குமோ என்று நினைத்தேன். ஆர்.ஓ. தண்ணீர் என்கிறீர்கள், அப்படியானால் அது இல்லை. செம்புதான் சார். நானும் பட்டவன்.

என் தொட்டி மீன்களுக்கு வெள்ளைப்புள்ளி வந்தது. கடையில் ஒரு நீல மருந்து கொடுத்தார்கள். சீட்டில் போட்டிருந்த அளவுதான் ஊற்றினேன், ஒரு சொட்டு கூடுதல் இல்லை. மீன்கள் தேறிவிட்டன. கூட இருந்த சிவப்பு இறால் முப்பதும் அன்று மாலைக்குள் மல்லாந்துவிட்டன. அப்புறம்தான் பாட்டிலைத் திருப்பிப் படித்தேன். பொடி எழுத்தில் காப்பர் சல்பேட்.

இதைவிடக் கொடுமை பிறகு நடந்தது. பல தடவை தண்ணீர் மாற்றினேன். மூன்று மாதம் கழித்துப் புது இறால் வாங்கி விட்டேன். அவையும் செத்தன. தொட்டியின் அடியில் பவளக் கல் பரப்பியிருந்தேன். செம்பு அதில் ஒட்டிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குத் திரும்பி வந்திருக்கிறது. பூச்சிமருந்தாவது வெயிலில், கிருமியில் சிதையும். உலோகம் சிதைந்து வேறெதுவாக ஆகும்? கல்லை மொத்தமாகக் கொட்டிய பிறகுதான் இறால் தங்கியது.

இறால் பண்ணை:

தூத்துக்குடியில் மீன்வளம் படித்தவன், இப்போது பண்ணையில் வேலை. குரோம்பேட்டை சாரின் கேள்வி எங்களுக்குப் பாடத்தில் வருவதுதான், ஆனால் தவலையை வைத்து யாரும் கேட்டதில்லை!

நன்னீர் மீனின் ரத்தத்தில் உப்பு அதிகம், சுற்றியுள்ள தண்ணீரில் குறைவு. அதனால் உடம்பிலிருந்து சோடியம் கசிந்துகொண்டே இருக்கும். செவுள் அதை ஓயாமல் உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டே இருக்கும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. செம்பு அயனி அந்தச் செவுளில் போய் உட்கார்ந்து, சோடியத்தை இழுக்கும் நொதியை முடக்கிவிடும். கசிவு நிற்காது, வரவு நின்றுவிடும். செவுள் வீங்கிச் சளி கட்டுவதால் மூச்சும் திணறும். நீங்கள் பார்த்த வாய் திறப்பு அதுதான். காற்றுக்குழாய் போட்டுப் பயனில்லை, தண்ணீரில் காற்று இருந்தது, வாங்கிக்கொள்ளச் செவுள் இல்லை.

சரி, ஊர்க் கிணற்றில் ஏன் நடக்கவில்லை? உப்புத்தண்ணீர் என்று நாம் முகம் சுளிக்கும் அந்தக் கடினநீரில் கால்சியம் நிறைய இருக்கிறது. செம்பு உட்காரவேண்டிய இடத்தில் கால்சியம் முன்கூட்டியே துண்டு போட்டு வைத்திருக்கும். தண்ணீரின் காரத்தன்மையும் கரைந்த செம்பில் பெரும்பகுதியைக் கார்பனேட்டாகக் கட்டிப்போட்டுவிடும். ஆர்.ஓ. தண்ணீரில் இரண்டுமே இல்லை. பெரும்பாலும் லேசான அமிலத்தன்மை வேறு, பாத்திரத்தைக் கரைக்க அது போதும். மென்னீரில் லிட்டருக்குச் சில பத்து மைக்ரோகிராம் செம்பே நுட்பமான உயிர்களைக் கொன்றுவிடும். அதே அளவைக் கடினநீரில் பல மீன்கள் பொருட்படுத்தாது.

குளத்தில் பாசியைக் கட்டுப்படுத்தக் காப்பர் சல்பேட் போடுவதற்கும் இதை வைத்தே ஒரு கணக்கு உண்டு. மொத்தக் காரத்தன்மையை (லிட்டருக்கு மில்லிகிராமில்) 100-ஆல் வகுத்தால் வருவதுதான் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்பது. காரத்தன்மை 50-க்குக் கீழே என்றால் தொடவே மாட்டோம். வேலம்பாசி உதிர்ந்ததும் இதனால்தான். பாசிக்கொல்லியாக விற்கிற பொருளில் செடியை ஐந்து நாள் ஊறவைத்திருக்கிறீர்கள். ஒளிச்சேர்க்கையைத்தான் அது முதலில் அடிக்கும்.

ஒரு வேடிக்கை. இறாலுக்கும் பெரும்பாலான நத்தைகளுக்கும் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பதே செம்புதான். நமக்கு இரும்பு மாதிரி. எந்த உலோகம் இல்லாமல் அவற்றால் வாழ முடியாதோ அதுவே கொஞ்சம் கூடினால் அவற்றை முதலில் சாய்க்கிறது.

மிளகுக்கொடி:

ஏற்காட்டில் சின்ன காப்பித் தோட்டம் எங்களுக்கு. இலைத்துரு நோய்க்குப் போர்டோ கலவை அடிக்காத தோட்டம் கிடையாது. 200 லிட்டர் பீப்பாய்க்கு ஒரு கிலோ மயில்துத்தம் (அதே காப்பர் சல்பேட்தான்), ஒரு கிலோ சுண்ணாம்பு. கலந்தபின் என் அப்பா அரிவாள் நுனியைக் கலவையில் கொஞ்ச நேரம் முக்கி எடுத்துப் பார்ப்பார். இரும்பில் செந்நிறம் படிந்தால் செம்பு கட்டுப்படாமல் திரிகிறது, இன்னும் சுண்ணாம்பு போடு என்பார். அது இலையைக் கருக்காமல் இருக்கச் செய்கிற சோதனை என்றுதான் இவ்வளவு நாள் நினைத்தேன். மேலே நண்பர் சொன்ன கார்பனேட் கணக்கைப் படித்ததும் ‘அட, அரிவாளும் இதைத்தானே கேட்கிறது’ என்று தோன்றியது.

ஒருமுறை புதிதாக வந்த பையன் மயில்துத்தம் கரைத்த பிளாஸ்டிக் பீப்பாயை, சுண்ணாம்பு சேர்க்கும் முன்பு மிச்சமிருந்த கரைசலோடு, ஓடையில் கவிழ்த்துக் கழுவிவிட்டான். மலை ஓடைத் தண்ணீர், சோப்புப் போட்டால் நுரை அடங்காது, அவ்வளவு மென்மை. கீழே மூன்று வளைவு தள்ளிக்கூடத் தலைப்பிரட்டைகள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தன. நண்டுகள் கல்லுக்கு வெளியே வந்து செத்திருந்தன. பையனைத் திட்டி என்ன செய்வது, நாங்கள் சொல்லித் தரவில்லை.

மண்ணிலும் பார்த்திருக்கிறேன். தாத்தா காலத்திலிருந்து கலவை கலக்கின தொட்டியைச் சுற்றி நாலு காலடிக்குப் புல்கூட ஒழுங்காக முளைக்காது. தெரியாமல் அங்கே காப்பி நாற்று வைத்தோம். இளம் இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. இரும்புச்சத்துக் குறைவு என்று தெளித்துப் பார்த்தோம், கேட்கவில்லை. பிடுங்கினால் வேர் கட்டையாக, நுனி கறுத்து, சல்லி வேரே இல்லை. மண்ணில் இரும்பு இருந்தது, எடுக்க வேர் இல்லை. வெட்டிப் பார்த்த குழியில் ஒரு மண்புழு கிடையாது. தொழுவுரத்தையும் சுண்ணாம்பையும் நாலு வருஷம் கொட்டியதில் இப்போது புல் வருகிறது. செம்பு எங்கேயும் போகவில்லை, மட்கில் கட்டுண்டு கிடக்கிறது, அவ்வளவுதான்.

பாலாற்றங்கரை:

குரோம்பேட்டையில் இருந்துகொண்டு உலோகத்தைப் பற்றிக் கேட்கிறீர்களே அண்ணே. உங்கள் ஊருக்குப் பெயர் வந்ததே குரோம் தோல் தொழிற்சாலையால்தான்!

நான் ஆம்பூர். எங்கள் ஊர்க் கதை தவலையில் அடங்காது. தோல் பதனிடப் போடும் குரோமியம் உப்பில் ஒரு பகுதி தோலில் ஏறாமல் கழிவோடு போய்விடும். சுத்திகரிப்பு நிலையங்கள் வருவதற்கு முன்பு அது நேரே வாய்க்காலுக்கும் ஏரிக்கும் பாலாற்று மணலுக்கும் போனது. வேலூர் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில், தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் பாதியோ முழுதோ பயிருக்கு ஆகாமல் போனது என்று இருக்கிறது. அதில் எங்கள் ஒன்றரை ஏக்கரும் உண்டு.

அப்பா சோளம் விதைத்துப் பார்த்தார். முளைத்தது. ஒரு வாரம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் வளர்ச்சியே இல்லை. பிடுங்கிப் பார்த்தால் வேர் நுனி எரிந்த விளக்குத்திரி மாதிரி. வேளாண்மைத் துறையில் இருந்த மாமா சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: “இலை ஓரம் கருகினால் உப்பைச் சொல்லு, வேர் நுனி கருகினால் குரோமியத்தையும் சேர்த்துச் சொல்லு.” எங்கள் கிணற்றில் இரண்டுமே இருந்தன. தோலில் தட்டுகிற உப்பும் அதே கழிவில்தானே வருகிறது. அதனால் எல்லாப் பழியையும் குரோமியத்தின் தலையில் போடுகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. தென்னை குரும்பை உதிர்த்ததற்கு முதல் காரணம் உப்பு என்றே இன்றும் நினைக்கிறேன்.

தோல் கழிவில் வருவது பெரும்பாலும் மூன்று இணைதிறன் குரோமியம், மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், அவ்வளவாக நகராது. ராணிப்பேட்டையில் கிடப்பது வேறு ஜாதி. 1990-களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு, லட்சம் டன்னுக்கு மேல் குவியலாக விடப்பட்டது. அது ஆறு இணைதிறன். தண்ணீரில் கரையும், மழைக்கு நகரும். கந்தகச் சத்தை உறிஞ்சும் வழியிலேயே வேருக்குள் நுழைந்துவிடும், செடிக்கு வித்தியாசம் தெரியாது. அந்தப் பக்கம் ஒரு நண்பன் வீட்டில் இறைத்த தண்ணீரை வெள்ளை வாளியில் பிடித்துக் காட்டினான். எலுமிச்சை நிறம். அதில் மீன் விட்டுப் பார்க்கிற தைரியம் எங்களுக்கு வரவில்லை.

மேல்மலை:

கொடைக்கானல். எங்கள் கதையில் ஒரு மீனும் சாகவில்லை. அதனால்தான் பல வருஷம் யாருக்கும் தெரியவில்லை.

வெப்பமானி ஆலை 2001-இல் மூடியது. 2003-இல் 290 டன் அளவுக்குப் பாதரசம் கலந்த கழிவை அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். மரப்பட்டையில் ஒட்டி வளரும் லைக்கனிலும், பாசியிலும், ஏரி மீனிலும் பாதரசம் இருந்ததை ஆய்வாளர்கள் அளந்து எழுதினார்கள். லைக்கனுக்கு வேர் கிடையாது, காற்றிலிருந்தும் பனியிலிருந்தும்தான் எல்லாம் எடுத்துக்கொள்ளும். அதில் பாதரசம் என்றால் காற்றில் வந்தது என்று பொருள். ஏரிச் சேற்றில் நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றிவிட்டால், சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்கு ஏறிக்கொண்டே போகும். மீன் பார்க்கப் பளபளவென்று நீந்தும். சின்ன வயதில் தூண்டில் போட்டுப் பிடித்ததையெல்லாம் வறுத்துத் தின்றவன் நான்.

தொட்டிப் பைத்தியம்:

இதையெல்லாம் படித்த பிறகு ஒரு சந்தேகம். செம்புக் குடத்துத் தண்ணீரை நாம் குடிக்கிறோமே?

இறால் பண்ணை:

குடிக்கலாம். உலகச் சுகாதார நிறுவனம் மனிதருக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை விடுகிறது. நமக்கு வேண்டாத செம்பைக் கல்லீரல் பித்தத்தோடு வெளியேற்றிவிடும். நாம் தண்ணீரைக் குடிக்கிறோம், மீன் அதில் செவுளை விரித்துக்கொண்டு நாள் முழுக்க நிற்கிறது. ஆனால் மோர், எலுமிச்சை, புளி எதையும் செம்பில் வைக்காதீர்கள். பித்தளையில் சமைத்தவர்கள் ஈயம் பூசியதும் அதற்காகத்தான். அந்த ஈயம் வெள்ளீயம். காரீயத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது வேறு விஷம்.

குரோம்பேட்டைவாசி:

எல்லோருக்கும் நன்றி. தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மானி ஒன்றை நேற்று வாங்கி அளந்தேன். எங்கள் ஆர்.ஓ. தண்ணீர் 38. ஊரிலிருந்து வந்த சித்தப்பாவிடம் கிணற்றுத் தண்ணீர் ஒரு பாட்டில் கேட்டிருந்தேன். அது 1,140.

அத்தையிடமும் தொலைபேசியில் பேசினேன். “அந்தத் தவலையையா தேய்ச்சே?” என்றார். கிணற்றடித் தவலையைப் பாட்டி ஒருநாளும் தேய்த்ததில்லையாம். வெளியே பச்சைக் களிம்பு, உள்ளே விரல் நக அளவுக்கு வெள்ளையாக உப்பு ஏடு கட்டியிருக்குமாம். சென்னைக்கு அனுப்பும்போது பட்டறையில் கொடுத்து அத்தனையையும் சுரண்டி எடுத்தார்களாம். அதாவது பாட்டி மீன் விட்டது செம்பில் இல்லை, சுண்ணாம்பில். மிச்சத்தைப் புளி போட்டு எடுத்தவன் நான்.

தவலைத் தண்ணீரைக் கறிவேப்பிலைத் தொட்டியில் ஊற்றினேன், இதுவரை ஒன்றும் ஆகவில்லை. கண்ணாடித் தொட்டியில் இப்போது ஆறு கப்பிகள். மகள் தவலையின் கழுத்தில் ஒரு சீட்டு ஒட்டி வைத்திருக்கிறாள்: “அப்பா, இது மீனுக்கு இல்லை.”