‘தியடோர் பூன்’ படிச்சவங்க இருக்கீங்களா? அந்த முடிவு பத்தி ஒரு கேள்வி

திருப்பாதிரிப்புலியூர் வாசகி:

முடிவைச் சொல்லித்தான் கேள்வியே கேட்கப் போறேன். இன்னும் படிக்காதவங்க இதோட நிறுத்திக்குங்க.

எங்க தெருப் பிள்ளைங்களை வச்சு சனிக்கிழமை சாயங்காலம் ஒரு வாசிப்பு வட்டம் நடத்துறேன். எல்லாம் எட்டாவது, ஒன்பதாவது. இந்த மாசம் எடுத்தது ஜான் கிரிஷாம் எழுதின ‘தியடோர் பூன்: கிட் லாயர்’. 2010ல வந்தது, இங்கிலீஷ்லயே படிச்சோம். தெரியாதவங்களுக்குச் சுருக்கமா: தியோவுக்கு 13 வயசு. அப்பா, அம்மா ரெண்டு பேருமே வக்கீல். பையனும் ஸ்கூல் விட்டா கோர்ட்டே கதின்னு கிடக்கிறான். பீட் டஃபிங்கிற ஆளு பொண்டாட்டியைக் கழுத்தை நெரிச்சுக் கொன்னுட்டான்னு ஊர்ல பெரிய கேஸ். அந்தம்மா பேர்ல 10 லட்சம் டாலருக்கு இன்ஷூரன்ஸ் வேற இருக்கு. ஆனா பார்த்த சாட்சி இல்ல. ஆளு தப்பிச்சுடுவான்னு எல்லாரும் நினைக்கிற நேரத்துல, பார்த்தவன் ஒருத்தன் இருக்கான்னு தியோவுக்கு மட்டும் தெரிய வருது. அந்தப் பையன் உரிய காகிதம் இல்லாம அமெரிக்காவுக்குள்ள வந்தவன். வாயைத் திறந்தா நாட்டை விட்டு அனுப்பிடுவாங்கன்னு பயப்படுறான்.

கடைசியில நீதிபதி இந்த விசாரணை செல்லாது, மறுபடி முதல்லேருந்து நடத்தணும்னு சொல்லிடுறார். புத்தகம் அதோட முடிஞ்சு போச்சு! தண்டனையும் இல்ல, விடுதலையும் இல்ல. எங்க பிள்ளைங்க பாதிப் பேருக்கு மேல செம கடுப்பு. “கடைசி ஓவர்ல மழை வந்து மேட்ச் நின்ன மாதிரி இருக்கு ஆன்ட்டி”ங்கிறான் ஒருத்தன். எனக்கு என்னவோ பிடிச்சிருந்தது, ஆனா ஏன்னு அவங்களுக்குச் சொல்லத் தெரியல. நீங்க என்ன நினைக்கிறீங்க? கோர்ட் விஷயம் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா, நம்ம ஊர்ல இப்படி நடக்குமான்னும் சொல்லுங்க.

லாஸ்பேட்டை ப்ளஸ் ஒன்:

அக்கா, உங்க பசங்க சொல்றதுதான் கரெக்ட். மிஸ்டரின்னு போட்டிருக்கு, ஆனா கொலை பண்ணது யாருன்னு நடுவுலயே தெரிஞ்சிடுது. அதுக்கப்புறம் என்ன மிஸ்டரி? நான் கடைசிப் பக்கம் வரைக்கும் வேற ஒரு ட்விஸ்ட் வரும், இன்ஷூரன்ஸ் ஆளு, வேலைக்காரங்க, யாராவது மாட்டுவாங்கன்னு உட்கார்ந்திருந்தேன். ஒண்ணும் வரல.

ஆனா நாய் கேஸ் சூப்பர். கூடப் படிக்கிற பொண்ணோட நாயைப் பிடிச்சுட்டுப் போயிடுறாங்க, தியோ போயி வாதாடி மீட்டுட்டு வர்றான். கொலைக் கேஸை விட அதைத்தான் ரெண்டு தடவை படிச்சேன். மொத்தம் ஏழு புத்தகம் இருக்கு இந்த வரிசையில. டஃபி கேஸ் இதுல முடியல. 2015ல வந்த ‘தி ஃப்யூஜிடிவ்’ல திரும்ப வருது. அதுவரைக்கும் யாரு காத்திருக்கிறது?

கோர்ட்டு குமாஸ்தா, கடலூர்:

வாசகி அம்மாவுக்கு வணக்கம். நான் கடலூர் கோர்ட்ல வக்கீல் குமாஸ்தா. சீனியர் கிட்ட சேர்ந்தப்ப மீசை சரியா முளைக்கல, இப்ப முழுசா நரைச்சாச்சு. இங்கிலீஷ் பெட்டிஷன் டைப் அடிச்சே வளர்ந்தவன், அதனால பேத்தி வச்சிருந்த புத்தகத்தை நானே எடுத்துப் படிச்சேன்.

லாஸ்பேட்டை தம்பி, யார் கொன்னதுங்கிறது போலீஸுக்கு உள்ள கேள்வி. கோர்ட்ல அந்தக் கேள்வியே கிடையாது. இன்னார்தான் கொன்னாருன்னு ஊருக்கே தெரிஞ்சிருக்கும், டீக்கடையில பேரோட பேசுவாங்க. சாட்சிப் பெட்டியில ஏறி ‘நான் பார்த்தேன்’னு சொல்ல ஆள் இருக்காங்கிறதுதான் எங்க மிஸ்டரி. இதை எழுதினவர் மிசிசிப்பியில பத்து வருஷத்துக்குக் கிட்ட வக்கீல் தொழில் பண்ணவர். அது நல்லாத் தெரியுது. கேஸ்ல துப்பாக்கிச் சண்டை இல்ல, துரத்தல் இல்ல. ஒரு சாட்சி, அவன் பயம், அவன் எடுத்து வச்சிருக்கிற ஒரு ஜோடி கையுறை. அவ்வளவுதான்.

ஆனா அந்த சாட்சி விஷயத்துலதான் எனக்கு மனக்குறையும். அந்தப் பாபி எஸ்கோபார்ங்கிற பையன் கோல்ஃப் மைதானத்துல புல்லு வெட்டுற வேலை பார்க்கிறவன். மத்தியானம் மரத்தடியில சாப்பிட உட்கார்ந்தவன் கண்ணுல படுது, டஃபி கையுறை மாட்டிக்கிட்டு வீட்டுக்குள்ள போறது. புத்தகம் முழுக்க அவனைப் பத்தி எல்லாரும் பேசுறாங்க. தியோ பேசுறான், அப்பாவோட கூடப் பிறந்தவர் பேசுறார், அப்பா அம்மா பேசுறாங்க, நீதிபதி பேசுறார். அவன் பேசுறதே கொஞ்சம், அதுவும் இன்னொருத்தர் மொழிபெயர்த்துச் சொல்லணும். கூண்டுல ஏறுறதே இல்ல. முடிவு பாதியில நிக்குதுன்னு உங்க பசங்களுக்குக் கோபம் வருதுன்னா அது தீர்ப்பு வராததால இல்ல, அவன் பேச வராததாலன்னு நினைக்கிறேன். நம்மளை 200 பக்கத்துக்கு மேல ஒரு சாட்சிக்காகக் காக்க வச்சுட்டு, அந்தச் சாட்சியைக் கூப்பிடாமலே கோர்ட் கலைஞ்சு போகுது.

சாட்சி பெட்டியில ஏறினா என்ன நடக்கும்னு ஒண்ணு சொல்றேன். ஒரு அடிதடி கேஸ், ஆயுதக் காயம். தேவனாம்பட்டினம் பக்கத்து மீன்பிடி ஆளு ஒருத்தர் பார்த்த சாட்சி. சம்மன் வரும், படகுக்குப் போகாம வந்து காத்திருப்பார், சாயங்காலம் வாய்தா. திரும்ப சம்மன், திரும்ப வாய்தா. கோர்ட்ல கொடுக்கிற சாட்சிப் படி அவர் அன்னிக்கு விட்ட கூலிக்கு எந்த மூலைக்கு? ஒரு நாள் என்கிட்ட வந்து, “சார், தடைக்காலத்துல போடச் சொல்லுங்களேன்”னார். ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு போகாது இல்ல, அதைச் சொல்றார். நியாயமான கணக்குதான். ஆனா அதுல பாதி நாள் கோர்ட்டு கோடை விடுமுறையில போயிடுமே!

ஒரு வழியா ஏறினார். அரசு வக்கீல் கேட்டதுக்கெல்லாம் தெளிவா சொல்லிட்டார். அப்புறம் குறுக்கு விசாரணை. எதிர்த் தரப்பு வக்கீல் கெட்டிக்காரர். “நீ நின்ன இடத்துக்கும் சம்பவ இடத்துக்கும் எவ்வளவு தூரம்?”

“ஒரு வலை தூரம் இருக்கும்ங்க.”

“வலைன்னா எத்தனை அடி?”

“எந்த வலையைக் கேக்குறீங்க?”

ஹால்ல ஒரே சிரிப்பு. டைப்பிஸ்ட் கையை எடுத்துட்டார், இதை எப்படி அடிக்கிறதுன்னு. நீதிபதி மட்டும் சிரிக்கல. “சரி, நான் இருக்கிற இடத்துல சம்பவம் நடந்தா நீ எங்க நின்னிருப்பே, போய் நில்லு”ன்னார். இவர் பெட்டியை விட்டு இறங்கி, பெஞ்சுகளைத் தாண்டி, கதவைத் தாண்டி, வராண்டா தூணுக்குப் பக்கத்துல போயி நின்னு, “இங்கேங்க!”ன்னு ஒரு சத்தம். கடல்ல கூப்பிட்டுப் பழகின குரல். பக்கத்து கோர்ட்ல பேர் கூப்பிடுற டவாலியே எட்டிப் பார்த்தார். அதுக்கப்புறம் தூரத்தைப் பத்தி யாரும் கேட்கல.

அந்த மாதிரி ஒரு பக்கம் பாபிக்குக் கிடைச்சிருந்தா நான் இந்தப் புத்தகத்தைத் தலையில வச்சுக் கொண்டாடியிருப்பேன். இப்ப நல்ல புத்தகம்னு மட்டும் சொல்றேன்.

இன்னொண்ணு. தியோ நேரா நீதிபதி அறைக்குப் போறதும், குடும்பத்தோட நீதிபதியைத் தனியா சந்திச்சு நடந்துக்கிட்டிருக்கிற கேஸைப் பத்திப் பேசுறதும் கதைக்குச் சரி. இங்க எதிர்த் தரப்பு வக்கீல் இல்லாம அப்படி ஒரு சந்திப்பு நடந்தா மறுநாளே கேஸை வேற கோர்ட்டுக்கு மாத்தச் சொல்லி மனு விழும்.

காலாப்பட்டு சட்ட மாணவி:

குமாஸ்தா ஐயா சொன்னதுல பெரும்பகுதி சம்மதம். ‘நம்ம ஊர்ல நடக்குமா’ங்கிற கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்றேன்.

அங்க ஜூரி முறை. சாதாரணமா பன்னிரண்டு பேர், எல்லாரும் ஒருமனதா சொன்னாத்தான் குற்றவாளி. கேஸ் முடியப் போற கட்டத்துல புதுசா ஒரு சாட்சி வந்தா, எதிர்த் தரப்பு தயாராக அவகாசம் வேணும், போலீஸ் விசாரிக்கணும். அதுவரைக்கும் அந்தப் பன்னிரண்டு பேரையும் வேலை வெட்டியை விட்டுட்டு உட்கார வைக்க முடியுமா? அதனால நீதிபதி மொத்தத்தையும் கலைச்சுட்டு, புது ஜூரியோட பிறகு ஆரம்பிக்கலாம்னு முடிவு பண்றார். இது விடுதலை இல்லைங்கிறதால டஃபியைத் திரும்ப விசாரிக்க முடியும். இந்தக் கடைசி வரியை உங்க பசங்களுக்கு அழுத்திச் சொல்லுங்க அக்கா. அந்த ஜூரி ‘குற்றவாளி இல்ல’ன்னு சொல்லியிருந்தா, அப்புறம் பாபி பத்துக் கையுறை கொண்டு வந்தாலும் அதே கொலைக்கு அவனைத் திரும்பக் கூண்டுல ஏத்தியிருக்க முடியாது. நீதிபதி அவசரப்பட்டது அதுக்காகத்தான்.

நம்ம நாட்டுல ஜூரி கிடையாது. 1959ல மனைவியோட காதலனைச் சுட்டுக் கொன்ன கடற்படை அதிகாரி நானாவதி கேஸ்ல பம்பாய் ஜூரி 8க்கு 1னு குற்றவாளி இல்லைன்னு சொல்லி, செஷன்ஸ் நீதிபதி அதை ஏத்துக்காம ஹைகோர்ட்டுக்கு அனுப்பின கதை எல்லாருக்கும் தெரியும். 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல ஜூரிங்கிற பேச்சே இல்ல. அதனால பாபி மாதிரி ஒருத்தன் இங்க கடைசி நேரத்துல வந்தா, எதையும் கலைக்க வேண்டியதில்ல. அந்தப் பழைய சட்டத்துல 311வது பிரிவு, அதுக்குப் பதிலா 2024 ஜூலையிலேருந்து அமலுக்கு வந்த பி.என்.எஸ்.எஸ்.ங்கிற புதுச் சட்டத்துல 348வது பிரிவு. எந்தக் கட்டத்துலயும் கோர்ட்டே சாட்சியைக் கூப்பிடலாம், நியாயமான தீர்ப்புக்கு அவசியம்னா கூப்பிட்டே ஆகணும். ஆக நம்ம ஊர்ல இந்த நாவல் எழுதினா பாபி பெட்டியில ஏறியே தீரணும். ஐயா கேட்ட பக்கம் தானாக் கிடைச்சிருக்கும்!

பயத்துக்கு மட்டும் நம்ம கிட்ட நல்ல பதில் ரொம்ப நாளா இல்ல. சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை சுப்ரீம் கோர்ட் ஏத்துக்கிட்டதே 2018 டிசம்பர்லதான். எங்க வகுப்புல பிறழ் சாட்சி, அதாவது முன்னாடி சொன்னதைக் கோர்ட்ல மாத்திச் சொல்ற சாட்சி பத்திப் பேசினப்ப இந்த நாவலைத்தான் உதாரணம் சொன்னேன். சின்னப் பசங்க புத்தகம்னு சிரிச்சாங்க. சிரிக்கட்டும்.

முதலியார்பேட்டை டீச்சரம்மா:

நான் வேற கட்சி. எனக்கு தியோவையே பிடிக்கல. 13 வயசுல ஒரு பிள்ளை இவ்வளவு ஒழுங்கா இருக்குமா? ஒரு பொய் இல்ல, ஒரு பொறாமை இல்ல. வீடு ஏலத்துக்குப் போகப் போகுதுன்னு கூடப் படிக்கிற பையன் கலங்கி நின்னா, திவால் சட்டம் வரைக்கும் சொல்லிக் கொடுக்கிறான்! எங்க ஸ்கூல்ல இப்படி ஒருத்தன் இருந்தா ஸ்டாஃப் ரூம்ல நாங்களே பயந்திருப்போம்.

ஒரு இடம் மட்டும் மனசுல நின்னது. குடும்பத்தோட செவ்வாய்க்கிழமை ராத்திரி வீடில்லாதவங்க தங்குற இடத்துக்குப் போறாங்க. அம்மா அங்க இலவசமா சட்ட உதவி செய்யுறாங்க, இவன் அங்க தங்கியிருக்கிற ஜூலியோங்கிற பையனுக்குக் கணக்கு சொல்லித் தர்றான். அந்த ஜூலியோவோட சொந்தக்காரன்தான் சாட்சி. பெரிய பெரிய வக்கீலுங்க தேடிக் கிடைக்காத ஆளு, வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுக்கப் போன இடத்துல கிடைக்கிறான். அதை மட்டும் ரசிச்சேன்.

திருப்பாதிரிப்புலியூர் வாசகி:

எல்லாருக்கும் நன்றி. குமாஸ்தா ஐயா, உங்க வலைக் கதையைப் பசங்களுக்குப் படிச்சுக் காட்டினேன். இப்ப புத்தகத்தை விட்டுட்டாங்க, கோர்ட்டைப் பார்க்கணும்னு ஒரே பிடிவாதம். கதையில வாத்தியார் வகுப்பையே விசாரணைக்குக் கூட்டிட்டுப் போறார் இல்லையா, அதே மாதிரி. விடுவாங்களா? எந்த மாதிரி கேஸுக்குக் கூட்டிட்டு வரலாம்?

கோர்ட்டு குமாஸ்தா, கடலூர்:

விடுவாங்கம்மா. கோர்ட்டுங்கிறது திறந்த இடம், கேஸ் இல்லாதவங்களும் பின் பெஞ்சுல உட்கார்ந்து பார்க்கலாம். ஆனா சின்னப் பசங்களைப் பார்த்தா நீதிபதி வெளியே இருக்கச் சொல்லவும் அவருக்கு அதிகாரம் உண்டு. அதனால முதல் நாளே நீங்க மட்டும் வந்து பெஞ்ச் கிளார்க்கைப் பார்த்து, ஸ்கூல் பிள்ளைங்க, கேஸ் பார்க்க வர்றாங்கன்னு சொல்லிடுங்க. போக்சோ கோர்ட் பக்கமே வேண்டாம், அது மூடின விசாரணை. கொலைக் கேஸும் வேண்டாம். போஸ்ட் மார்ட்டம் டாக்டர் சாட்சி சொல்ற நாளாப் போயிட்டா ராத்திரி பசங்க தூங்க மாட்டாங்க.

மோட்டார் விபத்து இழப்பீடு கேஸ் பாருங்க. பஸ் எந்தப் பக்கம் வந்தது, பைக் எந்தப் பக்கம் வந்ததுன்னு ஆளுக்கொரு வரைபடம் சொல்லுவாங்க. பசங்களுக்கு உடனே புரியும், யார் புளுகுறாங்கன்னு பந்தயமே கட்டுவாங்க. செக் கேஸ் வேண்டாம், எனக்கே கொட்டாவி வரும்.

காலாண்டு லீவுல கோர்ட் நடக்கிற நாளா ஒண்ணு பிடிங்க. காலையில பத்தரைக்கெல்லாம் வந்துடணும். முதல் ஒரு மணி நேரம் பேர் கூப்பிடுறது, வாய்தா போடுறது மட்டும்தான் நடக்கும், அப்ப ‘போலாம் ஆன்ட்டி’ம்பாங்க. விட்டுடாதீங்க, சாட்சி விசாரணை அதுக்கப்புறம்தான். செல்போனை அணைச்சுப் பையில போடுங்க. எல்லாப் பிள்ளைங்களையும் ஒரே ஹால்ல ஏத்தாம நாலு நாலு பேராப் பிரிச்சுடுங்க. உள்ள பேசக் கூடாது, சிரிப்பு வந்தா வராண்டாவுக்கு வந்துடணும்னு முன்னாடியே சொல்லி வையுங்க. டவாலி நம்ம ஆளுதான், நான் சொல்லி வைக்கிறேன்.