அழகாக வரைந்தும் 6க்கு 2: உயிரியல் படத்தில் என்னதான் கேட்கிறார்கள்?

கோலப்பொடி (உட்லண்ட்ஸ்):
மகள் உயர்நிலை மூன்றில் படிக்கிறாள். போன வாரம் செம்பருத்தியை நெடுக்காக வெட்டி வரையச் சொன்னார்களாம். அவளுக்கு நல்ல கை. தீபாவளிக்கு எங்கள் மாடி நடைபாதையில் கோலம் போட்டால், லிஃப்டிலிருந்து வருகிறவர்கள் நின்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அந்தக் கையால்தான் 4பி பென்சிலில் இதழுக்கு நிழல் கொடுத்து, விரலால் தேய்த்து, ஒரு பனித்துளிகூட வைத்திருந்தாள். 6க்கு 2. ஓரத்தில் சிவப்பு மையில், 'இது ஓவிய வகுப்பு இல்லை'. இரண்டு நாளாகப் பிள்ளைக்கு முகமே சரியில்லை. நான் ஊரில் சூலகமுடி, சூற்பை என்று மனப்பாடம் செய்து வரைந்து பாஸானவள், இதெல்லாம் தெரியாது. யாராவது சொல்லுங்களேன்.

பழைய லேப் ஆள்:
பள்ளி ஆய்வகத்தில் இருபது வருடம் மைக்ராஸ்கோப் துடைத்தவன் நான். அந்தப் பனித்துளிக்கு மனசுக்குள் ஒரு மார்க் போட்டுவிட்டேன். ஆனால் இந்தப் படத்தில் ஒவ்வொரு கோடும் ஓர் எல்லை: இதழ் இங்கே முடிகிறது, குழாய் இங்கே தொடங்குகிறது. நிழல் கொடுத்தால் அது வேறொரு பாகமா, வெறும் வெளிச்சமா என்று பார்ப்பவருக்குப் புரியாது. கூரான எச்பி பென்சில் போதும். தயங்கித் தயங்கிக் கீறாமல் ஒரே இழுப்பு. கோலம் போடுகிற பெண்ணுக்கு இழை பிசிறாமல் இழுக்க நான் சொல்லித்தர வேண்டுமா?

கைத்திறனைவிடக் கண்தான் முக்கியம். செம்பருத்தியில் மகரந்தத் தாள்கள் தனித்தனியாக நிற்பதில்லை. எல்லாம் ஒட்டி ஒரு குழாயாகி, அதற்குள்ளே சூலகத் தண்டு ஓடி, உச்சியில் ஐந்தாகப் பிரிந்து ஐந்து குமிழ்களாக முடியும். தாள்களைத் தனித்தனியாக நட்டு, தண்டைப் பக்கத்தில் நிறுத்துகிற பிள்ளைகள் பூவைப் பார்க்கவில்லை, பாடப்புத்தகத்துப் பொதுப் பூவை வரைந்திருக்கிறார்கள். பார்த்த உடனே தெரிந்துவிடும்.

பெயர்க்கோடுகளுக்கு ஸ்கேல். அம்புக்குறி வேண்டாம், ஒன்றையொன்று வெட்டக்கூடாது, நுனி அந்தப் பாகத்தைத் தொட வேண்டும்.

நிழலும் வண்ணமும் தப்பு என்று அவள் நினைத்துவிட வேண்டாம். 1800களின் தொடக்கத்தில் மலாக்காவில் பிரிட்டிஷ் அதிகாரியாக இருந்த ஃபர்க்குவார் அங்கே சீன ஓவியர்களை வைத்து வரையவைத்த செடி, விலங்குப் படங்கள் 477 நம் சிங்கப்பூர் தேசிய அரும்பொருளகத் தொகுப்பில் இருக்கின்றன. எல்லாம் வண்ணம்தான். அது வேறு வேலை, அவ்வளவே.

ஜேசி (தொடக்கக் கல்லூரி) முதலாம் ஆண்டு:
அக்கா, உருப்பெருக்கம் எழுதினாளா? நான் அதில்தான் கோட்டைவிட்டேன். வெங்காயத் தோல் செல்லை வரைந்துவிட்டு, கண்வில்லை 10, பொருள்வில்லை 40, ஆக ×400 என்று பெருமையாக எழுதினேன். அது மைக்ராஸ்கோப்பின் கணக்கு, என் படத்தின் கணக்கு இல்லை! படத்தின் நீளத்தை உண்மையான நீளத்தால் வகுக்க வேண்டும். செல் 0.3 மி.மீ., படத்தில் 90 மி.மீ. என்றால் ×300. இரண்டும் ஒரே அலகில் இருக்கட்டும். அப்புறம், பெரிதாக வரையச் சொல்லுங்கள். 20 மி.மீ. படத்தில் 1 மி.மீ. தப்பினால் விகிதமே போய்விடும். 120 மி.மீ. படத்தில் அது தெரியவே தெரியாது.

கோலப்பொடி (உட்லண்ட்ஸ்):
எல்லோருக்கும் நன்றி. பக்கத்து வீட்டு மக்சிக்கின் (மலாய் அத்தையின்) தொட்டியிலிருந்து கேட்டு ஒரு பூ வாங்கிவந்தோம். பூ 80 மி.மீ., படம் 120 மி.மீ., ×1.5 என்று அவளே போட்டுவிட்டாள். லேப் ஐயா சொன்ன குழாயை பிளேடால் பிளந்தால் உள்ளே நூல் மாதிரி தண்டு போகிறது. பழைய படத்தை எடுத்துப் பார்த்தோம். வெளியேதான் வரைந்திருக்கிறாள், அதுவும் என்ன அழகாக!

புதிய படத்தில் வெறும் கோடுகள். பனித்துளி இல்லையே என்று எனக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.