பழைய மூங்கில் தூண்டில் கழி: இறுகிய இணைப்பைக் கழற்ற வழி தேவை

மூன்று துண்டு, 9 அடி, ஆறு மூங்கில் பிளாச்சுகளை ஒட்டிச் செய்த ஃப்ளை ராடு (செயற்கை ஈ கட்டி மீன் பிடிக்கும் கழி). அடித்துண்டையும் நடுத்துண்டையும் சேர்க்கும் நிக்கல் சில்வர் ஃபெரூல் (ஒன்றுக்குள் ஒன்று செருகும் உலோகக் குழாய் இணைப்பு; அடித்துண்டில் வெளிக்குழாய், நடுத்துண்டில் உள்குழாய்) இறுகிக் கிடக்கிறது. நுனித்துண்டு சுலபமாகக் கழல்கிறது. தயாரிப்பாளர் முத்திரை தேய்ந்துவிட்டது. பட்டு நூல் சுற்றைப் பார்த்தால் இரண்டாம் உலகப் போருக்கு முந்தையது போலத்தான். ஆகவே பிளாச்சுகளை ஒட்டியது விலங்குப் பசை என்றே வைத்துக்கொள்கிறேன். போன மாதம் கைக்கு வந்தபோதே இந்த நிலை. பல வருடம் சேர்த்தபடியே வைத்திருந்தார்களாம். வெளிக்குழாயின் வாயில் பச்சைப் படிவு, விரிசல் இல்லை.

இதுவரை செய்தவை: இருவர் எதிரெதிரே நின்று, ஆளுக்கு ஒரு கை இணைப்பின் இருபக்கமும் வைத்து நேராக இழுத்தோம். அசையவில்லை. முறுக்கவே இல்லை, முறுக்கினால் பிளாச்சு ஒட்டு விட்டுவிடும். பிளையர் பேச்சுக்கே இடமில்லை. குழாய்ச் சுவர் அவ்வளவு மெல்லியது, நசுங்கினால் மாற்றுக்கு எங்கே போவது? அடித்துண்டு கீழே இருக்கும்படி நிறுத்தி, இடுக்கில் துரு இளக்கும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு இரவு முழுக்க வைத்தேன். பலன் இல்லை. அதிகம் விட்டால் நூல் சுற்றுக்குள் ஊறிக் கறையாகும். நடுத்துண்டின் பக்கம் ஐஸ் வைத்து உள்குழாயைக் குளிர்வித்து உடனே இழுத்தும் அப்படியே.

மிச்சம் இருப்பது சூடு. அதில்தான் தயக்கம்: வெளிக்குழாய் விரிவதற்குள் உள்ளே பசை இளகினால் கழி போச்சு.

விலங்குப் பசை ஒட்டிய கழியில் வெளிக்குழாயை மட்டும் சூடாக்கிக் கழற்றியவர்கள், எதை வைத்து, எத்தனை வினாடி சூடு காட்டினீர்கள்?