ஏஜென்சி தொழிலாளர் கணக்கு: ஜெர்மனி, ஜப்பான், இந்தியா ஒரே டேபிள்ல ஒக்கார மாட்டேங்குது, யாராவது உதவுங்க

கிண்டி_லோக்கல்:
வணக்கம் மக்களே. இங்கிலாந்துல ஈஎஸ்ஆர்சி (சமூக ஆராய்ச்சிக்கு பணம் குடுக்கற அமைப்பு) ஸ்டைபண்ட்ல பிஎச்டி முதல் வருஷம். ஏஜென்சி வழியா ஆள் வைக்கிற பழக்கம் (சம்பளம் போடறது ஏஜென்சி, வேலை பாக்கறது வேற கம்பெனில) மூணு நாட்டு லேபர் மார்க்கெட்ல எப்படி வளந்துச்சுங்கறதுதான் தலைப்பு. அடுத்த மாசம் ரிவ்யூ, முதல் டேபிள்லயே மாட்டிக்கிட்டேன். ஓஇசிடி (பணக்கார நாடுங்க கூட்டமைப்பு) டேட்டால "டெம்பரரி" எடுத்தா ஜெர்மனி 12% பக்கம் நிக்குது, ஆனா ஜெர்மன் வேலைவாய்ப்புத் துறை கணக்குல ஏஜென்சி ஆளுங்க 2-3% தான், ஜப்பானும் கிட்டத்தட்ட அதே அளவு, இந்தியாவுக்கு ஏஎஸ்ஐ (அரசாங்கத்தோட வருடாந்திர ஃபேக்டரி சர்வே) பாத்தா 40%, பிஎல்எஃப்எஸ்ல (வீடு வீடா கேக்கற வேலைவாய்ப்பு சர்வே) தேடுனா ஏஜென்சியான்னு ஒரு கேள்வியே காணோம். சூப்பர்வைசர் பாத்துட்டு "அப்ப இந்தியா ஜெர்மனி மாதிரி 15 மடங்கா?"ன்னு கேட்டாரு, முழிச்சேன். எந்த நம்பரைத்தான் நம்பறது?

புள்ளியியல்_அக்கா:
எல்லா நம்பரும் சரிதான் தம்பி, ஒவ்வொண்ணும் வேற வேற ஆளுங்களை எண்ணுது. ஓஇசிடியோட 12% தேதி குறிச்ச வேலை, அதுல பெரும்பாலானவங்க கம்பெனியே நேரா எடுத்த ஆளுங்க, ஜெர்மனில அப்ரென்டிஸ் பசங்களும் அதுலயே சேந்துடுவாங்க. அதே நேரம் ஏஜென்சில நிரந்தர ஒப்பந்தத்துல இருந்துக்கிட்டு ஃபேக்டரி ஃபேக்டரியா போறவங்க நிறைய, அவங்க அந்த 12%ல வரவே மாட்டாங்க. அதனால ஒண்ணை ஒண்ணுலேர்ந்து கழிச்சுப் பாக்கற வேலையெல்லாம் வேணாம்.

அப்புறம் அந்த 40%. இதுவரை வந்த ஏஎஸ்ஐ கணக்குல எடுத்தது பெரும்பாலும் பதிவான ஃபேக்டரிதான், கரண்ட் இருந்தா 10 பேர், இல்லன்னா 20 பேர்லேர்ந்து. அந்த ஃபேக்டரி தொழிலாளிங்கள்ல காண்ட்ராக்டர் வழியா வந்தவங்க 40%. ஜெர்மனியோட 2-3% மொத்த வேலை செய்யறவங்கள்ல. கீழ இருக்கற எண்ணே (வகுக்கற எண்) வேற, அப்புறம் எங்கேர்ந்து 15 மடங்கு?

கிண்டி_லோக்கல்:
அக்கா சூப்பர். அப்ப தொழில் கோட் 78 வெச்சு (ஆள் சப்ளை) மூணு நாட்டுக்கும் பிரிச்சா? ஐ.நா. தொழில் வகைப்பாட்டுல கோட் ஒண்ணுதானே.

டெட்ராய்ட்_மாமா:
ஐ.நா. கோட் ஒண்ணுதான், ஆனா ஜப்பான் மாதிரி நாடுங்க சொந்த கோட் போடுது, அதை விடுங்க, பதில் சொல்ற வாயே ஒண்ணு இல்லையே. அமெரிக்காவையே பாருங்க, 2017ல வீடு வீடா கேட்ட சர்வேல ஏஜென்சி டெம்ப் ஆளுங்க 14 லட்சம் பேர், 0.9%. அதே வருஷம் கம்பெனி சம்பளப் பட்டியல் வழியா எடுத்த கணக்குல 30 லட்சத்தை ஒட்டி வந்துச்சு. ரெண்டுமே அரசாங்க கணக்கு. வீட்ல போய் "எங்க வேலை"ன்னு கேட்டா நிறைய பேர் தினமும் போற கார் கம்பெனி பேரைத்தான் சொல்றான், சம்பளம் போடற ஏஜென்சி பேர் அவன் வாய்லயே வராது. ரெண்டு வேலை பாக்கறவன் கம்பெனி கணக்குல ரெண்டு தடவை வருவான், அது வேற. அதனால வீட்டு சர்வேவை வீட்டு சர்வேயோட, கம்பெனி கணக்கை கம்பெனி கணக்கோட மட்டும் வைங்க.

ஒரகடம்_ஹெச்ஆர்:
மாமா சொல்றது இங்கயும் அப்படியே. எங்க லைன்ல நிக்கற பையனைப் பாருங்க, கழுத்துல கம்பெனி கார்டு (டேக் கலர் மட்டும் வேற), ஏறி வர்றது கம்பெனி பஸ், வேலை சொல்றது கம்பெனி சூப்பர்வைசர், பே ஸ்லிப்ல மட்டும் காண்ட்ராக்டர் பேரு, பிஎஃப்பும் காண்ட்ராக்டரோட கோட்ல. 1970 காண்ட்ராக்ட் தொழிலாளர் சட்டப்படி (2025 கடைசில புது லேபர் கோட் வர்ற வரைக்கும் இருந்த சட்டம்) காண்ட்ராக்டர் சம்பளம் குடுக்கறப்ப முதன்மை முதலாளி (ஆள் வேலை பாக்கற கம்பெனி) தரப்புல ஒருத்தர் கூட இருக்கணும், காண்ட்ராக்டர் குடுக்கலன்னா முதன்மை முதலாளியே குடுத்தாகணும்னு இருந்துச்சு. பேங்க்ல போடற காலத்துல "கூட இருக்கறது"ங்கறது ஒரு கையெழுத்தோட போச்சு, அதை ஆராய்ச்சில யாராவது எழுதுங்கப்பா. இன்னொண்ணு, 78ஐ மட்டும் நம்பினா செக்யூரிட்டி 80லயும் ஹவுஸ்கீப்பிங் 81லயும் போய் ஒளிஞ்சுக்கும். எங்க கேட்ல நிக்கறவரும் காண்ட்ராக்ட்தான்.

புள்ளியியல்_அக்கா:
இதான் விஷயம். தம்பி, அளவு ஒப்பீட்டை விட்டுட்டு திசையை ஒப்பிடு. ஒவ்வொரு நாட்டுக்கும் அதோட சொந்த கணக்கு ஒண்ணை எடுத்து அது வருஷா வருஷம் எப்படிப் போகுதுன்னு போடு, பக்கத்துல சட்டம் மாறின வருஷத்தைக் குறி.

டெட்ராய்ட்_மாமா:
ஆமா, அப்பதான் கதையே வருது. ஜப்பான்ல ஏஜென்சி ஆளுங்களுக்கான சட்டம் 1985ல வந்து அடுத்த வருஷம் அமலாச்சு, மொதல்ல 13 வேலைக்கு மட்டும், 1999ல தலைகீழா மாத்தி தடை பண்ணதைத் தவிர எல்லாம் ஓகேன்னாங்க, 2004ல ஃபேக்டரி லைனையும் தொறந்தாங்க. 2008 கடைசில லேமன் அடி (அமெரிக்க பேங்க் திவாலாகி வந்த நிதி நெருக்கடி) விழுந்ததும் மொதல்ல வெளிய போனது அந்த ஆளுங்கதான், வேலையோட டார்மிட்டரியும் போச்சு, புது வருஷத்துக்கு டோக்கியோ ஹிபியா பார்க்ல கூடாரம் போட்டுத் தங்கினாங்க. ஜெர்மனி தன்னோட 1972 ஏஜென்சி சட்டத்தை 2003 ஹார்ட்ஸ் சீர்திருத்தத்துல (வேலைவாய்ப்பு சட்டங்களை மாத்தினது) தளத்தி விட்டுச்சு, 2017ல திரும்ப இறுக்கி ஒரே இடத்துல 18 மாசம்தான், 9 மாசத்துக்கு அப்புறம் சம சம்பளம்னு வெச்சுது, ரெண்டுக்கும் கூட்டு ஒப்பந்தத்துல வழிவிட்டும் வெச்சுது. இந்தியால 1970 சட்டத்தோட பேர்லயே "ஒழிப்பு" இருந்துச்சு, ஆனா ஏஎஸ்ஐ பங்கு 2000 வாக்குல இருந்ததுக்கு இப்ப ரெண்டு மடங்காவது ஆயிருச்சு. 2001ல செயில் (அரசு ஸ்டீல் கம்பெனி) வழக்குல சுப்ரீம் கோர்ட், காண்ட்ராக்ட்டை தடை பண்ணாலும் அந்த ஆளுங்க தானா கம்பெனி ரோலுக்கு வந்துட மாட்டாங்கன்னு சொல்லிடுச்சு, அந்த வருஷத்தை கிராஃப்ல மறக்காம ஒரு கோடு போடுங்க.

ஒரகடம்_ஹெச்ஆர்:
கோடு போடுங்க, ஆனா எல்லாத்தையும் அந்த தீர்ப்பு தலைல கட்டாதீங்க. ஆர்டர் ஏறி இறங்கறதுக்கு ஆள் ஏத்தி இறக்கணும்னு தயாரிப்பு டீம் கேக்கறாங்க, பர்மனன்ட் ஆள் வந்தா யூனியன்னு மேனேஜ்மென்ட் பயப்படுது, காண்ட்ராக்ட் ஆள் செலவும் கம்மி. மூணுல எது எவ்வளவுன்னு சர்வேல வராது, ஆளுங்க கிட்ட உக்காந்து பேசணும்.

கிண்டி_லோக்கல்:
எல்லாருக்கும் நன்றி, இப்பதான் மூச்சு வருது. மூணு கிராஃப் தனித்தனியா, நடுவுல சட்ட வருஷம், அமெரிக்கா கதையை எச்சரிக்கையா ஒரு பாரா. டேட்டா எங்க சீக்கிரம் கெடைக்கும்?

புள்ளியியல்_அக்கா:
ஏஎஸ்ஐ யூனிட் லெவல் (ஃபேக்டரி வாரியான) டேட்டா மத்திய புள்ளியியல் அமைச்சக மைக்ரோடேட்டா தளத்துல பதிஞ்சா ஃப்ரீ, இன்னைக்கே எறக்கிடலாம். ஜெர்மனிக்கு ஆள் வாரியா வேணும்னா நூரம்பெர்க்ல இருக்கற ஐஏபி (ஜெர்மன் வேலைவாய்ப்புத் துறையோட ஆராய்ச்சி நிறுவனம்) டேட்டா மையத்துல உன் யுனிவர்சிட்டி ஒப்பந்தம் போடணும், அது ஆமை வேகம், அதனால அந்த அப்ளிகேஷனை ரிவ்யூக்கு முன்னாடியே அனுப்பிடு.