பர்கண்டியில் ஒயின் தயாரிப்பவர்களோடு உட்கார்ந்து சாப்பிட வழி உண்டா?

நித்யா, கோவை:
செப்டம்பர் கடைசியில் நானும் கணவரும் பாரிஸ் போகிறோம். மூன்று நாளை பர்கண்டிக்கு ஒதுக்கியிருக்கிறோம். பேருந்தில் கூட்டமாய் இறங்கி, ஆளுக்கு நாலு மடக்கு குடித்துவிட்டுக் கிளம்பும் சுற்றுலா வேண்டாம். திராட்சை வளர்த்தவரே ஊற்றித் தர, அவரோடு ஒரு வேளையாவது சாப்பிட ஆசை. வெளியாட்களுக்கு அது வாய்க்குமா? கணவர் சைவம், முட்டை, பால் சாப்பிடுவார். எங்களுக்குக் கார் ஓட்டத் தெரியாது.

தேவகி, டிஜோன்:
தாராளமாக வாய்க்கும் நித்யா. இங்கே குடியேறியதிலிருந்து அறுவடைக் காலத்தில் தெரிந்த குடும்பங்களுக்குக் கைகொடுக்கப் போவேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

தங்குமிடத்தை வைத்துத்தான் எல்லாம். பல ஒயின் குடும்பங்கள் வீட்டிலேயே சில அறைகளை வாடகைக்கு விடுகின்றன. 'தாப்ல் தோத்' உள்ள வீடாகப் பாருங்கள். இரவுச் சாப்பாடு எல்லோருக்கும் ஒன்றுதான். வீட்டுக்காரரும் கூடவே உட்கார்ந்து சாப்பிடுவார். இரண்டாவது பாட்டில் திறப்பதற்குள் தாத்தா நட்ட கொடி, போன வருட ஆலங்கட்டி மழை என்று பேச்சு தானாக வந்துவிடும். நீங்கள் கேட்பது அங்கேதான் கிடைக்கும்.

கார் வேண்டாம். பாரிஸிலிருந்து டிஜோனுக்கு அதிவேக ரயில், அங்கிருந்து உள்ளூர் ரயிலில் அரை மணிக்குள் போன் நகரம். போனிலிருந்து போமார், வோல்னே, மெர்சோ வழியாக சாந்த்னே வரை தோட்டங்களுக்கு நடுவே சைக்கிள் பாதை இருக்கிறது. சுமார் 22 கிலோமீட்டர். மெதுவாக மிதியுங்கள். சரிவின் நடுப்பகுதியில் மண் மெலிசு, அடியில் சுண்ணாம்புக்கல், தண்ணீர் தேங்காது. பேர் பெற்ற துண்டு நிலங்கள் பெரும்பாலும் அங்கேதான். கீழே சமவெளிக்கு வந்தால் அதே பினோ நுவார் கருந்திராட்சை வேறு மாதிரி ஆகிவிடும். இந்தத் துண்டு நிலங்களுக்காகத்தான் 2015இல் யுனெஸ்கோ இந்தப் பகுதியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

சொல்லாமல் போய்க் கதவைத் தட்டாதீர்கள். முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பி, காலையில் ஒரு வீடு, மதியம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும். பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை அவர்கள் சாப்பாட்டு நேரம். நிலவறையில் சிவப்பை முதலில் தந்து வெள்ளையைப் பிறகு தருவார்கள். இங்கே அப்படிச் செய்பவர்கள் நிறைய. துப்புவதற்குப் பாத்திரம் இருக்கும், தயங்காமல் துப்புங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். இலவசமாகச் சுவைக்கத் தந்தால் இரண்டு பாட்டிலாவது வாங்குவதுதான் மரியாதை.

ராஜன், பாரிஸ்:
நவம்பருக்குத் தள்ளிப்போட முடியுமா? மூன்றாவது ஞாயிறு போன் நகரத்தில் ஓஸ்பீஸ் ஏலம். 1443இல் ஏழைகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனை அது. இன்றும் தன் தோட்டத்து ஒயினை ஏலம் விடுகிறது. மறுநாள் மெர்சோவில் போலே விருந்து. ஆளாளுக்குத் தங்கள் பாட்டிலோடு வந்து பக்கத்து மேசைக்கும் ஊற்றுவார்கள்.

தேவகி:
ராஜன் அண்ணா சொல்வது அருமையான விருந்துதான், ஆனால் அழைப்பு இல்லாமல் இடம் கிடைப்பது கடினம். அறுவடை முடிந்ததும் வேலை செய்தவர்களுக்கு முதலாளி வீட்டில் போடும் சாப்பாட்டுக்குத்தான் முதலில் 'போலே' என்று பெயர். 1923இல் மெர்சோவில் அதைப் பெரிதாக எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். எனக்கு அந்த வீட்டுப் போலேதான் உயர்வு. முற்றத்தில் நீள மேசை போட்டு, பறித்தவர்களும் முதலாளியும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு சாப்பிடும்போது ஊற்றும் ஒயினுக்கு ஈடே இல்லை.

நித்யா:
நன்றி அக்கா. செப்டம்பர் கடைசியில் அறுவடை பார்க்கலாமா? அப்புறம், கணவருக்கு என்ன கிடைக்கும்?

தேவகி:
வெயில் கூடியதில் அறுவடை முன்னால் வந்துவிட்டது. ஆகஸ்டிலேயே தொடங்கிய வருடங்கள் உண்டு. நீங்கள் வரும்போது தொட்டிகளில் நொதித்துக்கொண்டிருக்கும், அறை முழுக்க அந்த வாசம் இருக்கும். அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது, அதனால் இப்போதே எழுதிவிடுங்கள்.

சைவம் என்பதை முதல் கடிதத்திலேயே சொல்லுங்கள். பாலாடைக்கட்டி சேர்த்துச் சுடும் கூஷேர் சூடாக வந்தால் அதுவே போதும், பக்கத்தில் ஒரு குவளை அலிகோத்தே வெள்ளை ஒயின். சிவப்பு ஒயினில் வேகவைத்த முட்டையும் உண்டு, ஆனால் அதில் பன்றி இறைச்சித் துண்டு போடுவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். கோம்தே பாலாடைக்கட்டியில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்கிறது. அவர் அதைப் பார்ப்பவரா? ஒயினைத் தெளியவைக்க முட்டை வெள்ளையோ மீன் பசையோ சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள், எதுவும் சேர்க்காதவர்களும் இருக்கிறார்கள். நேரில் கேட்டால் சொல்வார்கள்.

கடிதத்தைப் பிரெஞ்சில் நாலு வரி எழுதினால் பதில் சீக்கிரம் வரும். தேதியைச் சொல்லுங்கள், எழுதித் தருகிறேன்.