ஸ்பிரிங் பட்டைக் கத்தி: தண்ணீரில் வெடிக்கிறது, எண்ணெயில் இறுகவில்லை

கொல்லுவேலையைப் பொழுதுபோக்காகப் பழக ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, கரி உலை, காற்றுக்குச் சின்ன ப்ளோயர், பட்டறைக்கல்லுக்குப் பதில் தண்டவாளத் துண்டு. பழைய லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்து 15 செ.மீ. கத்தி செய்கிறேன். வடிவம் நன்றாகவே வருகிறது. தோய்ச்சலில்தான், அதாவது சிவக்கக் காய்ச்சிய கத்தியைச் சட்டென்று குளிரவைத்து இறுக வைப்பதில்தான், மாட்டிக்கொண்டேன்.

முதல் கத்தியைத் தண்ணீரில் முக்கியதும் 'டிக்' என்று சத்தம். வாய்ப்பக்கம் மயிரிழை போல வெடிப்பு. அடுத்த இரண்டையும் எண்ணெயில் தோய்த்தேன். வெடிக்கவில்லை, ஆனால் அரம் வழுக்காமல் கடிக்கிறது, அதாவது இறுகவில்லை.

இதுவரை செய்து பார்த்தவை: எண்ணெயை 50, 60 டிகிரிக்குச் சூடாக்கினேன். தோய்ப்பதற்கு முன் மூன்று முறை சிவக்கக் காய்ச்சிக் காற்றில் ஆறவிட்டேன். காந்தம் ஒட்டாமல் போனதும் (சுமார் 770 டிகிரி) உடனே எடுத்து முக்கினேன். மாற்றம் இல்லை.

இன்னொன்று, உலையிலிருந்து எடுக்கும்போதெல்லாம் மேலே கறுப்புச் செதிள் தடியாக உரிகிறது. அரத்தால் நாலைந்து இழுப்புக்கு மேல் தேய்த்துப் பார்க்கவில்லை.

காந்தம் விட்ட பிறகும் இன்னும் சூடேற்ற வேண்டுமா, இல்லை மேல்தோலில் மட்டும் இறுக்கம் தரும் கார்பன் எரிந்துபோய் அரம் என்னை ஏமாற்றுகிறதா?